லண்டன் வல்லாரை

நான் கத்தினேன். கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பெரிய புல்வெளியின் ஓரத்தில், மரங்கள் இன்னும் மொட்டையாக நின்ற ஒரு மார்ச் மாதக் காலையில், "வல்லாரை!" என்று நான் போட்ட சத்தத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாயை மற்றப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். போகட்டும், அவருக்கு என்ன தெரியும்? என் கண்ணுக்கு முன்னால், ஓக் மரத்தின் அடியில், நிலம் தெரியாமல் பச்சைப் பசேலென்று வல்லாரை கிடந்தது. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு வட்ட இலை. பாய் விரித்த மாதிரி.

நான் லண்டனுக்கு வந்து முதல் குளிர்காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் கலியாணம் கட்டி வந்து இறங்கிய கையோடு இந்த ஊர் மரங்களெல்லாம் இலையைக் கொட்டிவிட்டன. தாவரவியலில் 'ஏ' எடுத்த பெண்ணைக் கூட்டிவந்து இலையே இல்லாத ஊரில் விட்டால் அவள் என்ன செய்வாள்? யாழ்ப்பாணத்தில் எந்த வேலியில் எந்தக் கொடி படர்ந்திருந்தாலும் பேரைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு திமிர் இருந்தது. அந்தத் திமிர் குளிரில் விறைத்துப்போய்க் கிடந்தது. மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த சத்தம்தான் அன்றைக்கு வெளியே வந்தது.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. என் கணவருக்கு மே மாதம் சோதனை.

கணக்காளர் படிப்பில் அவர் மற்ற எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டார். செலவுக் கணக்கியல் என்ற கடைசிப் பாடம் மட்டும் அவரைக் கடக்க விடவில்லை. எழுதுவார், கோட்டை விடுவார், மறுபடியும் பணம் கட்டி எழுதுவார். இந்த முறையும் தவறினால் மாணவர் விசாவை நீடிக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். தேறினால் வேலை தருவதற்கு ஓரிடம் தயாராக இருந்தது. வேலை கிடைத்தால் விசாவும் கிடைக்கும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் விமானம் ஏற வேண்டியதுதான். கொழும்பில் போய் இறங்கும் இளம் தமிழ் ஆண்பிள்ளையை ஆமிக்காரர் எங்கே கொண்டுபோவார்கள், திருப்பி அனுப்புவார்களா என்று ஒருவருக்கும் தெரியாத காலம் அது. எங்கள் அறைக்குள் நாங்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அவர் படித்த விதம் எங்கள் ஊர் விதம், அதாவது பாடமாக்குவது. பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வந்து, ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து வாய்விட்டுச் சொல்லுவார். வரைவிலக்கணங்களைச் சொல்வார், சரி. பழைய வினாத்தாள்களின் கணக்குகளைக்கூட இலக்கம் பிசகாமல், விடையோடு சேர்த்துப் பாடமாக்கி வைத்திருந்தார். கீழ்த்தட்டில் மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா குடும்பத்தோடு இருந்தார். ஒருநாள் படியில் என்னை மறித்தார்.

"பிள்ளை, தம்பி சொல்லிச் சொல்லி இப்ப எனக்கும் பாடம் வந்திட்டுது. நான் போய் எழுதினாலும் பாஸ் பண்ணுவன் போலை கிடக்கு."

அக்காவுக்கு வந்த பாடம் இவருக்குச் சோதனை மண்டபத்தில் மட்டும் வராது. "எல்லாம் தெரியுமப்பா. ஞாபகம்தான் வருகுதில்லை" என்பார். அப்படி ஒருவர் சொன்னால் யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் அடுத்ததாக வாயில் வருவது வல்லாரைதான். ஞாபகசக்திக்கு வல்லாரை. சோதனைக் காலத்தில் பிள்ளையின் சாப்பாட்டுக் கோப்பையில் வல்லாரைச் சம்பல் வைக்காத தாய் அங்கே இல்லை. ஆனால் லண்டனில் அதற்கு எங்கே போவது? ஈஸ்ட் ஹாம் கடையில் முருங்கைக்காய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டாலே ஆட்கள் ஓடிய காலம். வல்லாரையை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. இப்போது சொல்லுங்கள், அது ஓக் மரத்தடியில் கொட்டிக் கிடந்தால் கத்தாமல் வேறென்ன செய்வது?

கோட்டுப் பொக்கற் இரண்டையும் நிரப்பினேன். பிறகு தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபையும் அவிழ்த்து அதிலும் பறித்துக் கட்டினேன். பறிக்கும்போது ஒரு இலையைக் கசக்கி மணந்து பார்த்தேன். வாசமே இல்லை. குளிர் தேசத்து வல்லாரைக்கு வாசம் எங்கே வரப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். இலை கொஞ்சம் தடிப்பு, எண்ணெய் பூசிய மாதிரி மினுக்கம். நல்ல பசளை மண் என்றேன். வல்லாரையின் ஓரத்தில் இருக்கும் பல்லுப் பல்லான வெட்டு இதில் இல்லை. அதற்கும் ஏதோவொரு விளக்கம் வைத்திருந்தேன், இப்போது ஞாபகமில்லை. ஆசை முந்திக்கொண்டால் 'ஏ' எடுத்த தாவரவியலும் பின்னாலேதான் நடந்து வரும்.

வீட்டுக்கு ஓடிவந்து, பைக்கற் தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீரில் ஊற வைத்தேன். இலையை மயிர் மாதிரி மெல்லிசாக அரிந்தேன். வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, தேசிக்காய்ப்புளி. எல்லாவற்றையும் போட்டுப் பிசைந்தேன். அவர் குளித்துவிட்டு வந்து கோப்பையைப் பார்த்தார்.

"இதென்ன, வல்லாரையே?"

"ஓம்!"

"உண்மையாவோ? எங்கையப்பா பிடிச்சனீர்?"

"பக்கத்திலைதான். இவ்வளவு காலமும் இஞ்சை இருக்கிறீங்கள், ஒருத்தரும் குனிஞ்சு பார்க்கேல்லை. நான் பார்த்தன்."

அவர் சாப்பிடத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் கட்டியது. மூக்கை உறிஞ்சினார்.

"பச்சைமிளகாய் கொஞ்சம் கூடிப்போச்சு என்ன?"

"போட்டது கூடத்தான்."

"பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் சோறு போடும்."

வேறு எந்த நாட்டு மனிதராக இருந்தாலும் அந்த இடத்தில் துப்பியிருப்பார். எங்கள் ஆளுக்கு எரிவு என்றால் அது மிளகாய். மிளகாய்க்குப் பின்வாங்குவது மானக்கேடு. அதோடு ஞாபகசக்தியும் சும்மா வருமா? சம்பல் முழுவதையும் வழித்துச் சாப்பிட்டு முடித்தார். பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை அதற்குப் பிறகுதான் நான் வாயில் வைத்தேன். அது மிளகாயின் எரிவு அல்ல. மிளகாய் நாக்கில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. உதடு, அண்ணம், தொண்டை என்று குத்திக் குத்தி மேலும் மேலும் ஏறியது. "ஐயோ, துப்புங்கோ!" என்று கத்தினேன். துப்புவதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

பின்னேரத்துக்குள் அவருடைய உதடுகள் வீங்கிவிட்டன. வாய் முழுக்கக் கொப்புளம், வயிற்றாலையும் போனது. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆறிய பால் குடிக்கச் சொன்னார், வாயை ஆற விடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, பேர் தெரியாத இலையை இனி எவர் வாயிலும் வைக்காதே என்று சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்கா பேர் தெரியாது என்று ரோசம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் ரோசம் போய் அழுகை வந்தது. விசாக்காரர் செய்யப்போகும் வேலையை ஒரு கோப்பைச் சம்பலால் நானே செய்து முடித்துவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வாய் புண்ணானதால் அவரால் பாடமாக்க முடியவில்லை. எங்கள் அறை அமைதியாகிவிட்டது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தார்.

"என்ன பிள்ளை, தம்பியின்ரை சத்தத்தைக் காணேல்லை? ரெண்டு பேருக்கும் ஏதும் கோபமோ?"

நடந்ததைச் சொன்னேன். அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வந்த வேகத்திலேயே இறங்கிப் போனார்.

நான் அடுத்தநாள் விடிந்ததும் ஒரு கரண்டியோடு ஓக் மரத்தடிக்குப் போனேன். என்னை ஏமாற்றியது எது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. வல்லாரை நிலத்தோடு ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும். இது ஓடவில்லை, குத்துக் குத்தாக நின்றது. கரண்டியால் கிண்டினேன். அடியில் வெள்ளையாகக் குட்டிக் குட்டிக் கிழங்குகள் ஒரு கொத்து! வல்லாரைக்கு ஏது கிழங்கு? பக்கத்தில் ஒரு குத்து அதற்குள் பூத்திருந்தது. தேய்த்து விட்ட பித்தளை மாதிரிப் பளபளவென்று ஒரு மஞ்சள் பூ. பூவையும் கிழங்கையும் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு நேரே நூலகத்துக்கு நடந்தேன்.

காட்டுப் பூக்களின் படப் புத்தகம் ஒன்றை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். கண்டுபிடித்துவிட்டேன்! அதே பூ, அதே இலை, அதே கிழங்கு. பேர் லெஸர் செலண்டைன். பச்சையாகத் தின்றால் நஞ்சு என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே பழைய பயன் என்று ஒன்று எழுதியிருந்தது. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்கள் இந்தக் கிழங்குக் கொத்தைப் பார்த்து, இது இன்னதைப் போல இருக்கிறது, ஆகவே இன்னதற்கு மருந்து என்று முடிவு கட்டி, மூல வியாதிக்குப் பூசியிருக்கிறார்கள். நான் நூலகம் என்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தேன். ஞாபகசக்திக்கென்று என் புருஷனுக்கு நான் ஊட்டியது மூலத்துக்குப் பூசும் மருந்து.

வந்து சொன்னேன். அவர் வீங்கிய உதட்டோடு என்னைப் பார்த்தார்.

"பரவாயில்லை. இப்ப கதிரையிலை இருந்து இருந்துதானே படிக்கிறன். அதுவும் தேவைதான்."

சிரித்ததில் உதடு வெடித்து இரத்தம் வந்தது. ஆனால் அன்றைக்கு நான் கவனித்தது வேறொன்று. அவர் கதிரையில்தான் இருந்தார். நடக்கவில்லை. வாயால் சொல்ல முடியாததால் பேனையை எடுத்திருந்தார். மேசை முழுக்கத் தாள்கள். பாடமாக இருந்த கணக்கொன்றை, இலக்கத்தை மாற்றிப்போட்டு அடியிலிருந்து செய்து பார்த்திருக்கிறார். பிழைத்திருக்கிறது. வெட்டியிருக்கிறார். மறுபடியும் செய்திருக்கிறார். அந்தக் கிழமை முழுவதும் அப்படித்தான் போனது. பேச முடியாத கோபத்தை எல்லாம் பேனையில் காட்டினார். ஒருநாள் மேசையில் படபடவென்று தட்டி என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை பாரும். இதை ஏன் கழிக்கிறது எண்டு இப்பதான் விளங்குது. நான் இவ்வளவு காலமும் கழிக்கவேணும் எண்டு பாடமாக்கி வைச்சிருந்தனான்."

"விளங்காமலோ இவ்வளவு நாளும் சொன்னீங்கள்?"

"இது பாடமாக்கிற சாமானில்லையப்பா. விளங்கிற சாமான்!"

அவருடைய முகத்தில் அந்தப் பிரகாசத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. வாய் ஆறிய பிறகும் அவர் திரும்ப நடக்கவில்லை, சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் நேரே மேசைதான்.

அவர் கணக்கோடு மல்லுக்கட்ட, நான் நூலகப் புத்தகத்தோடு புல்வெளியை அளந்தேன். அந்த ஏப்ரல், மே போல ஒரு காலம் எனக்குப் பிறகு வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு புது ஆள் அறிமுகம். நெட்டில் என்பது எங்கள் காஞ்சோன்றிக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தொட்டால் கடிக்கும், கையுறை போட்டு இளங்குருத்தைக் கிள்ளி அவித்தால் முருங்கையிலைக்குக் கிட்ட வரும். அது கடித்த இடத்தில் இங்கத்தைய பிள்ளைகள் டொக் என்ற அகலமான இலையைத் தேய்ப்பார்கள். கோட்டில் ஒட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வந்த ஒரு கொடியைக் கொத்தாகச் சுருட்டி முன்னாளில் பால் வடிகட்டியிருக்கிறார்கள். நடைபாதையோரத்துப் பிளான்டெய்ன் இலையைக் கசக்கிக் காயத்துக்கு வைத்திருக்கிறார்கள். ஃபற் ஹென் என்று ஒன்று. பசளிக்கீரை வருவதற்கு முன் இந்த நாட்டார் தின்ற கீரை அதுதான். இப்போது பிடுங்கி எறிகிறார்கள்! நெட்டிலையும் ஃபற் ஹென்னையும் வறை வறுத்து வைத்தேன். அவர் தொடவே இல்லை. "முதல் நீர் சாப்பிடும். நாளைக்கும் நீர் சுகமா இருந்தால் நான் சாப்பிடுறன்" என்று சட்டம் போட்டார். நான் சாப்பிட்டேன், சுகமாகவும் இருந்தேன்.

சோதனை வந்தது. எழுதிவிட்டு வந்தவர் வழக்கம்போல "ஞாபகம் வரேல்லை" என்று சொல்லவில்லை. "ஞாபகம் வைக்க அதிலை ஒண்டுமில்லை. செய்தன்" என்றார். அதற்குப் பிறகு முடிவு வரும்வரை நாங்கள் இருந்த இருப்பை நான் எதிரிக்கும் நினைக்க மாட்டேன்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. பாஸ். நான் குதித்த குதியில் கீழ்வீட்டு அக்கா கூரை விழுகிறது என்று நினைத்து ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துத் தானும் குதித்தார். இவர் மட்டும் சப்பாத்தை எடுத்துப் போட்டார்.

"வாரும், போவம்."

"எங்கை?"

"அந்த இலையை நான் ஒருக்காலும் நிலத்திலை பார்க்கேல்லை. காட்டும்."

ஓக் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒன்றுமில்லை. பாயாகக் கிடந்த இடத்தில் வெறும் மண்ணும் காய்ந்த சருகும்தான். அவர் குனிந்து சருகை விலக்கி விலக்கித் தேடினார்.

"எங்கையப்பா?"

"அது அப்பிடித்தான். குளிர் முடியேக்கை வரும், வெயில் வரமுதல் அழிஞ்சுபோகும். இப்ப தேடினாலும் ஒரு இலை கிடையாது."

அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"அது போயிட்டுது" என்றார். "நாங்கள் நிக்கிறம்."

நான் அவருடைய மண் கையைப் பிடித்துக்கொண்டு, நாயோடு போகிறவர்கள் எல்லோரும் பார்க்க, சத்தம் போட்டு அழுதேன்.