காலைக் கீழே வைக்காமல் படித்த நாவல்கள்

அந்த வருடத் தீமிதியில் எனக்குச் சுடவில்லை. என் நோயின் முதல் அறிகுறி அதுதான். அன்றைக்கு அதை நோய் என்று யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை.

மலேசியாவில், ரெம்பாவுக்கு உள்ளே இருக்கும் எங்கள் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக் கோயிலில் ஏழெட்டு முறை பூக்குழி இறங்கியிருக்கிறேன். ஊர் ஊராகச் சுற்றுகிறவன் என்றாலும் திருவிழாவுக்கு வந்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் நன்றாகச் சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, பால் குழியில் காலை வைத்த பிறகுதான் மூச்சே வரும். இந்த முறை நிதானமாக நடந்தேன். நடுவில் நின்று கும்பிடவும் செய்தேன். கரையேறியதும் பூசாரி என் நெற்றி நிறையத் திருநீறு பூசி, "ஆத்தா ஒன்னத் தூக்கிட்டுல்ல போயிருக்கா!" என்றார். இரண்டு பெண்கள் என் காலில் விழுந்தார்கள். படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன் நான். செம்பனைக் குலை வெட்டு, லாரி, இரவுச் சந்தையில் பலகாரக் கடை என்று அலைந்த என் காலில் அதுவரை யாரும் விழுந்ததில்லை. அந்தப் பெருமையில் இரண்டு நாள் செருப்பில்லாமலே தோட்டத்தைச் சுற்றினேன்.

என் தங்கை சாந்தியின் வீட்டில்தான் தங்கியிருந்தேன். மூன்றாம் நாள் காலை அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, தரையில என்னா இது? குங்குமத்த மிதிச்சிட்டியா?"

அடுப்படியிலிருந்து வாசல்வரை சிவப்புச் சிவப்பாகப் பாதி பாதங்கள். எல்லாம் வலது பாதம். நான் உட்கார்ந்து காலைத் தூக்கிப் பார்க்க முயன்றேன். வயிறு இடித்தது. சாந்திதான் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தாள்.

சிரம்பானில் அரசாங்க மருத்துவமனை. பக்கத்துத் தெமியாங்கில் பிறந்து வளர்ந்த இளம் பெண் டாக்டர். என்னை அங்கிள் என்றார்.

"அங்கிள், கண்ண மூடிக்குங்க. நான் கால்ல தொடுறப்ப எல்லாம் 'ஆமா' சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். வெகுநேரம் காத்திருந்தேன்.

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

"முடிச்சிட்டேன் அங்கிள்."

இதை மோனோஃபிலமென்ட் சோதனை (நைலான் இழையால் பாதத்தைக் குத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது) என்கிறார்கள். பத்து இடத்தில் குத்தியிருந்தார். பத்திலும் நான் இல்லை.

எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து பல வருடம் ஆகியிருக்கும் என்றார். ஓரிடத்தில் நிற்காதவன் எங்கே போய் ரத்தம் சோதித்தேன்? அதனால் வந்தது நரம்பு மரத்துப்போதல் (பாதத்து நரம்புகள் கெட்டு, சூடும் வலியும் தெரியாமல் போவது). நான் விடவில்லை. பூக்குழியில் ஆத்தா என்னைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன்.

"ஆத்தா தூக்கியிருந்தா கால் வெந்திருக்காதே அங்கிள்" என்றார்.

கடைசி இரண்டு விரல்களும் கறுத்துவிட்டிருந்தன. எடுத்தார்கள். பாதத்தின் அடியில் டிப்ரைட்மென்ட் (செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். மூன்று மாதம் வலது காலைக் கீழே ஊன்றக் கூடாது. புண் ஆறாமல் கிருமி எலும்புக்குள் போனால், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும்.

ஒரு வேலையில் ஆறு மாதத்துக்கு மேல் தங்காதவனுக்கு இது ஆயுள் தண்டனை. சாந்தி பள்ளிக் கேண்டீனில் சமைக்கிறாள். விடியுமுன் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாள். நாள் முழுக்க நானும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், காலைத் தூக்கி வைக்க இன்னொரு நாற்காலியும். குளியலறைக்கு மட்டும் தாங்குகட்டையோடு ஒற்றைக்காலில் போய்வரலாம். ஆறாம் நாள் மூன்று மணிக்கு அவள் வந்தபோது நான் வாசலில் நின்றேன்.

"எங்க கெளம்பிட்ட?"

"சும்மாதான் லா. ரோட்டு வரைக்கும்."

"ரோட்டு வரைக்கும் போறதுக்கு பேக் எதுக்கு?"

நான் பையைப் பார்த்தேன், அது எப்படி என் தோளுக்கு வந்தது என்பதுபோல.

"நல்லா கேட்டுக்க அண்ணே. கால எடுத்துட்டாங்கன்னா அப்புறம் நீ எங்கயும் போவ மாட்ட. காலம் பூரா இந்த வீட்டுலதான் கெடப்ப. எனக்கு அது வேணாம். ஒனக்கும் வேணாம்."

அன்று மாலை கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தாள். கேண்டீன் பெண்கள் ஐந்து பேர் மாற்றி மாற்றிப் படிக்கும் மாத நாவல்கள். நான் துப்பறியும் கதை ஒன்றை எடுத்தேன். மறுநாள் அவள் வேலைக்குப் போகுமுன் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, கத்தி முனையால் ஸ்டேப்ளர் பின்னை நெம்பி, கடைசிப் பதினாறு பக்கங்களை உருவிக்கொண்டாள்.

"சாயங்காலம் கட்ட மாத்துறப்ப புண்ணு காஞ்சிருந்தா தரேன். நீ நடந்தன்னு தெரிஞ்சா, யார் கொன்னாங்கன்னு சாகுற வரைக்கும் ஒனக்குத் தெரியாது."

நான் அடங்கினேன். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது காலில் கட்டு இருந்து, உட்கார முடியாமல் தவித்தால், முதலில் இப்படி ஒரு தங்கையைத் தேடுங்கள். மருந்தெல்லாம் பிறகு.

மொத்தம் நாற்பத்துச் சொச்சம் நாவல்கள் படித்தேன். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படிக்கிறவன் வேறு மாதிரிதான் படிப்பான். என் கருத்துகளைச் சொல்கிறேன்.

துப்பறியும் கதைகளில் யாரும் கட்டு மாற்றுவதில்லை. ஒரு போலீஸ் அதிகாரிக்குத் தொடையில் குண்டு. அதே அத்தியாயத்தில் அவர் மூன்று மாடி ஏறி, மதில் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிகிறார். ஈரம் பட்ட புண் என்ன ஆகும்? எனக்குக் கொலைகாரனைவிட அந்தத் தொடையின் கவலைதான் பெரிதாக இருந்தது. கடைசிவரை அவருக்கு யாரும் சர்க்கரை சோதிக்கவில்லை.

காதல் நாவல்களைத் தொடவே மாட்டேன் என்று சாந்தியிடம் சொல்லியிருந்தேன். இரண்டாம் வாரம் தொட்டேன். கணுக்கால் சுளுக்காத நாயகியை நான் இன்னும் சந்திக்கவில்லை. படிக்கட்டு, மழை, கோயில் பிராகாரம், எங்காவது ஓரிடத்தில் சுளுக்கும். உடனே கோபக்காரப் பணக்காரன் ஒருவன் அவளைத் தூக்கிக்கொண்டு போவான். எடை பற்றிப் பேச்சே இல்லை. என்னைக் கட்டிலிலிருந்து தள்ளுவண்டிக்கு மாற்ற இரண்டு அட்டெண்டர்கள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார்கள். இருந்தாலும் ஒரு கதையில், சண்டை போட்டுப் பிரிந்தவன் எட்டு வருடம் கழித்து வந்து, அவள் காலில் மருதாணி வைத்துவிடுகிறான். அந்த இடத்தில் புத்தகத்தை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"அழுவுறியா?" என்றாள் சாந்தி.

"மாத்திர வேல செய்யுது லா."

மாயாஜாலக் கதை ஒன்றே ஒன்றுதான். கேண்டீன் தோழியின் மகளிடம் இரவல் வாங்கியது. தலையணைத் தடிமன். அதில் சாந்தி கத்தி வைக்கவில்லை. ஏழு பேர் ஒரு மந்திரக் கல்லைத் தேடி எண்ணூறு பக்கம் நடக்கிறார்கள். சதுப்பு நிலம், பனிமலை, எரியும் காடு, எல்லாம் நடைதான். ஒருவருக்கும் கொப்புளம் இல்லை. காலைக் கழுவிய செய்தி எண்ணூறு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் அதிகம் நடந்தவர் இல்லை என்று தெரிந்துகொண்டேன். ஆனாலும் எல்லாவற்றையும்விட எனக்கு அதுதான் பிடித்தது. அவர்கள் நடக்க நடக்க என் கால் மரப்பு எனக்கு மறந்தது. எட்டு நாள் அவர்களோடு போனேன். படித்து முடித்த அன்று உண்மையிலேயே களைப்பாக இருந்தது.

இரண்டாவது மாதக் கடைசியில் தப்புச் செய்தேன்.

அன்று என் கையில் இருந்தது ஒரு மருத்துவமனைக் கொலைக் கதை. மூன்று பேர் செத்தாகிவிட்டது. வழக்கமாகப் பையில் கொண்டுபோகும் கடைசிப் பக்கங்களைச் சாந்தி அன்று அவசரத்தில் பையில் வைக்கவில்லை, நான் பார்த்துவிட்டேன். அடுப்படிக்குள் போனாள், வெறுங்கையோடு வந்தாள். வீட்டுக்குள்தான் இருக்கிறது. பத்து மணிவரை பொறுத்தேன். தாங்குகட்டையோடு போனால் இரண்டு கையாலும் தேட முடியாது. கட்டோடு காலை ஊன்றி நடந்தேன். அரிசி டின்னில் இல்லை. மிளகாய்த் தூள் டப்பாவுக்கு அடியில் இருந்தது. அங்கேயே நின்று படித்தேன். கொலைகாரனைக் கண்டுபிடித்த திருப்தியோடு, பக்கங்களை இருந்தபடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் சாந்தி கட்டைப் பிரித்தாள். நான் அப்பாவியாகக் கூரையைப் பார்த்தேன். குனிந்து பார்த்தால், அவள் விரல் நுனியில் ஒரு ஸ்டேப்ளர் பின். கட்டைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியிருந்தது. எப்போது ஏறியது என்று எனக்குத் தெரியாது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அது அவளே கத்தியால் நெம்பி எடுத்தது. கீழே விழுந்ததைப் பெருக்காமல் போயிருக்கிறாள். மிதித்தவன் நான். இருவரும் அந்தச் சின்னக் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

"நானே கொன்னுட்டேனா அண்ணே ஒன்ன?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"நீ கொல்லல. டாக்டர்தான் கொன்னது."

"என்னா?"

"கதையில."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போனாள்.

எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், குதிகாலிலிருந்து கொஞ்சம் சீழும் எடுத்தார்கள். ஆஸ்டியோமைலைட்டிஸ் (கிருமி எலும்பில் பரவுவது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வார்டில் இருங்கள் என்றார் டாக்டர். ஐந்து நாள். நான் எதுவும் படிக்கவில்லை. கண் வரியில் நின்றது, மனம் நிற்கவில்லை. படுக்கையில் போர்வையைத் தூக்கி இரண்டு காலையும் அடிக்கடி பார்த்துக்கொண்டேன். கெமாஸில் ரயில் மாறிய கால், லாரிப் பின்பக்கம் தொங்கிய கால், கூலிக்கும் வீம்புக்கும் நடந்த கால். ஒருநாளும் அதற்கு நான் நல்ல சப்பாத்து (ஷூ) வாங்கிக் கொடுத்ததில்லை.

ஆறாம் நாள் காலை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"எலும்பு சுத்தமா இருக்கு அங்கிள். பின்னு ஆழமாப் போகல. இன்னும் ஆறு வாரம். இந்த தடவ நெசமாவே கீழ வைக்காதீங்க."

சாந்தி என் போர்வையை இழுத்துக் காலை மூடினாள். டாக்டர் கிளம்பும்போது திரும்பி, "தங்கச்சி எல்லாம் சொன்னாங்க. யார் அங்கிள் கொலைகாரன்?" என்றார்.

"அது வந்தும்மா... ஒரு டாக்டர்."

"பொம்பள டாக்டரா?"

"ஆமாம்மா."

"காலைக் கீழ வச்சீங்கன்னா அது உண்மையாயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புண் மூட ஆறு வாரம் போதவில்லை, எட்டு ஆனது. கால் எனக்கே மிஞ்சியது, மூன்று விரல்களோடு. கடைசிச் சந்திப்பில் டாக்டர் ஒரு கைக்கண்ணாடி வாங்கச் சொன்னார். தினமும் பாதத்தின் அடியைப் பார்க்க வேண்டும். "ஒங்க கால் ஒங்ககிட்ட எதுவும் சொல்லாது. நீங்கதான் போய்ப் பாக்கணும்."

ஐம்பது வருடம் என்னைச் சுமந்த பாதத்தின் அடியை அன்றுதான் முதன்முறையாக முழுசாகப் பார்த்தேன். வேறு யாருடையதோ போல இருந்தது. இப்போது அதை அப்படித்தான் வைத்திருக்கிறேன், நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரு வாய் பேசாத ஆளைப்போல. கழுவுகிறேன், விரலிடுக்கைத் துடைக்கிறேன், சப்பாத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்த பிறகுதான் போடுகிறேன். என் நாளில் பாதி அதற்குப் போகிறது.

போன வாரம் மீண்டும் கிளம்பினேன். கெமாஸில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை இருப்பதாகச் சொன்னார்கள். சாந்தி தடுக்கவில்லை. வாசலில் நின்று என் சப்பாத்தை மட்டும் பார்த்தாள். மெயின் ரோட்டுக்குப் பத்து நிமிட நடை, எனக்கு இப்போது அரை மணி. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றி, காலுறையை உருவி, கண்ணாடியைப் பிடித்தேன். குதிகால் பார்த்தேன். ஓரம் பார்த்தேன். விரல் இருந்த இடம் பார்த்தேன். பஸ் வந்து நின்று, ஓட்டுநர் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார். போகச் சொல்லிக் கையசைத்தேன். இன்னும் நடுப்பாதம் பாக்கி இருந்தது.