லவோன் ஹியூப்னரும் ரிவர்ஸ் கியரும்

"பின்னாடி தள்ளி நிறுத்துற இடம்தான் இருக்கு" என்றாள் ட்ரெய்லர் முகாமின் ஆபீசில் வேலைபார்க்கும் நோயெமி.

"நேரா உள்ள போயி நேரா வெளிய வர்ற மாதிரி ஒண்ணுகூட இல்லியா?"

"அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க. பதினேழாம் நம்பர் மட்டும்தான் காலி."

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்மணிக்கு அறுபத்துநாலு வயது இருக்கலாம். கண்ணாடியைத் தலைமேல் தூக்கிவிட்டுக்கொண்டு முகாமின் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

"இதோ பாரும்மா, முன்னாடி போகணும்னா அலாஸ்காவுக்குக் கூடப் போயிடுவேன். பின்னாடி மட்டும் போகச் சொல்லாத. இன்னிக்குக் காலைலதான் முதல்தடவையா இந்த ட்ரெய்லரை இழுத்துட்டு வர்றேன். முன்னூத்தி அம்பது மைல். எங்கயும் ரிவர்ஸ் போடல. பெட்ரோல் போடக்கூட, நேரா வெளிய வர வழி இருக்கான்னு பாத்து, நாலு பங்க்கை விட்டுட்டு அஞ்சாவதுலதான் நுழைஞ்சேன்."

நோயெமி வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தலைய முன்னாடி விட்டே நிறுத்திக்கட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"நிறுத்தலாம். ஆனா தண்ணி, கரண்ட், கழிவுக்குழாய் எல்லாம் எதிர்ப்பக்கமா போயிடும். கதவைத் திறந்தா பக்கத்துக்காரங்களோட கழிவுக்குழாய்தான் தெரியும்."

"தெரிஞ்சுட்டுப் போகுது. முப்பது வருஷமா ஸ்கூல் சமையல்கட்டுல குப்பைத்தொட்டியைப் பாத்துட்டே நின்னவ நான். இது ஆறு வாரந்தானே."

"கிளம்புறப்போ? பின்னாடிதானே வெளிய எடுக்கணும்."

"கிளம்புறப்போ எங்க வீட்டுக்காரர் டெல்மர் ஓட்டுவார்" என்றார் அந்தப் பெண்மணி. "அதுக்குத்தானே இங்க வந்திருக்கோம்."

நோயெமி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தெற்கு டகோட்டா நம்பர் பலகையுடன் ஒரு பிக்கப் வண்டி. அதன் பின்னால் இருபத்திரண்டு அடி நீளத்தில், பழுப்புக் கோடு போட்ட பழைய ட்ரெய்லர் வீடு. வண்டிக்குள், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் ஒருவர், தலையைக் கண்ணாடியில் சாய்த்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. நோயெமி அட்டையில் 17 என்று எழுதிக் கொடுத்தாள்.

அது மின்னசோட்டாவின் தென்கோடியில் இருக்கும் ட்ரெய்லர் முகாம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடப் பாதை. அந்த ஆஸ்பத்திரியின் வேன் ஒரு நாளைக்கு மூன்று முறை வாசலில் வந்து நிற்கும். நாற்பது இடங்களில் பாதியில் ஊர்சுற்ற வந்தவர்கள் இருப்பார்கள். மீதிப் பாதியில் இருப்பவர்கள் வேனில் ஏறிப்போவார்கள். இரண்டு கூட்டமும் மாலையில் ஒரே மாதிரி மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நாற்காலியை வைத்து யார் எந்தக் கூட்டம் என்று சொல்ல முடியாது.

ஐந்து மணிக்குப் புது ட்ரெய்லர்கள் வந்து சேரும் நேரம். அவற்றைப் பின்னால் தள்ளி நிறுத்த வந்தவர்கள் படும் பாட்டைப் பார்ப்பதுதான் முகாமின் பொழுதுபோக்கு. கணவன் ஓட்டுவான், மனைவி பின்னால் நின்று கையை ஆட்டுவாள். இரண்டாம் முயற்சியில் அவள் கை இடுப்புக்குப் போய்விடும். மூன்றாவதில் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பதினாறாம் நம்பரில் இருந்த வெண்டல் ப்ரூயிட், அயோவாக்காரர், பழைய லாரி ஓட்டுநர், இதற்காகவே ஐந்து மணிக்கு முன்பே சோளப்பொரியோடு உட்கார்ந்துவிடுவார். அன்று லவோன் ஹியூப்னர் தலையை முன்னால் விட்டு ஒரே மூச்சில் பதினேழாம் நம்பருக்குள் நுழைந்து எஞ்சினை நிறுத்தியதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மா! எதைப் பாத்து நிறுத்தியிருக்கீங்க? உங்க வாசலும் என் குழாயும் நேருக்கு நேரா நிக்குது!"

"அப்போ தினமும் பாத்துக்கலாம், பழகிடும்" என்றார் லவோன்.

ட்ரெய்லரை ஜூலையில்தான் வாங்கியிருந்தார்கள். ஆறு வாரம் தினமும் சிகிச்சை என்று டாக்டர் சொன்னபோது, ஆறு வாரம் ஹோட்டலில் இருப்பது அவர்களுக்குக் கட்டாது என்று ஆனது. விற்ற கடைக்காரர் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டி எல்லாம் விளக்கினார். டெல்மர் கவனிக்கிறார் என்று லவோன் தலையாட்டினார். லவோன் கவனிக்கிறார் என்று டெல்மர் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் இருவருக்கும் நினைவில் நின்றது ஒன்றே ஒன்று: கடைக்காரர் மீசையில் ஒட்டியிருந்த டோநட் சர்க்கரைத்தூள்.

அதனால் முதல் இரண்டு வாரமும் தவறுகள்தான். கழிவுத்தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்திருந்தார்கள். தண்ணீர் மட்டும் வடிந்து மற்றதெல்லாம் உள்ளேயே இறுகிப்போனது. வெண்டல் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து சரிசெய்து கொடுத்தார். தண்ணீர்க்குழாயை வண்டிக்கு அடியில் கொண்டுபோய் அந்தப் பக்கம் மாட்டியதில் அது மூன்று இடத்தில் மடங்கிக்கொண்டது. லவோன் சளைக்கவில்லை. வெண்டலுக்கு ஒரு தட்டு, ஆபீசுக்கு ஒரு தட்டு என்று மாட்டுக்கறியின் மேல் உருளைக்கிழங்கு அடுக்கி வேகவைத்துக் கொண்டுவந்தார். இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கை. அளவு குறையவே குறையாது.

நோயெமி துணி துவைக்கும் அறையில் துண்டுகளை மடித்துக்கொண்டிருக்கும்போது அவர் வந்து, கேட்காமலே மறுமுனையைப் பிடித்துக்கொள்வார். நோயெமியின் அம்மா போனில் ஸ்பானிஷில் பேசுவதும் இவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதும் அவருக்கு வேடிக்கை.

"ரெண்டு பாஷை தெரியும். ரெண்டுலயும் வாயைத் திறக்கறதில்ல. எனக்கு ஒண்ணுதான் தெரியும், நிறுத்தத் தெரியல" என்பார்.

அங்கேதான் ஒருநாள் ரிவர்ஸ் கதையைச் சொன்னார். லவோன் முடிதிருத்தும் கடைக்காரரின் மகள். பத்தொன்பது வயதில் அப்பாவின் காரைத் தெருவில் பின்னால் எடுத்தவர், நேராக ரொட்டிக்கடையின் கண்ணாடிக்குள் புகுந்துவிட்டார். யாருடைய கல்யாணத்துக்கோ செய்து அலங்காரத்துக்கு வைத்திருந்த மூன்றடுக்கு கேக், காரின் பின்பக்கம் முழுக்க. உள்ளே ரொட்டி வாங்க வந்திருந்த ஒரு பையன், தானியக் கிடங்கில் வேலைபார்ப்பவன், தோள் நிறையக் கிரீமோடு வெளியே வந்து, "அடி பட்டுதா?" என்று கேட்டான்.

"டெல்மரா?" என்றாள் நோயெமி.

"வேற யாரு! ஒரே ஒருதடவை ரிவர்ஸ் போட்டேன், புருஷன் கிடைச்சார். அதோட போதும்னு விட்டுட்டேன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. பள்ளிக்கூட வேலைக்கு முப்பது வருஷமும் அரைமணி முன்னதாகவே போனார். நேராக வெளியே எடுக்கக்கூடிய மூலை இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காக.

செப்டம்பர் பாதியில் டெல்மர் வேனில் போவது நின்றது. சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். முடிந்துவிட்டது என்று லவோன் சொன்னார். நோயெமி அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு தலையாட்டினாள். வலிக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைச் சாப்பிட்டால் வண்டி ஓட்டக்கூடாது. அக்டோபர் பதினைந்தாம் தேதி முகாமில் தண்ணீரை நிறுத்துவார்கள். குழாய்கள் உறைந்து வெடிப்பதற்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். அதைப் போன மாதமே நோயெமிதான் அச்சடித்து ஒவ்வொரு கதவிலும் ஒட்டியிருந்தாள்.

ஒருநாள் காலை டெல்மர் மெதுவாக நடந்து ஆபீசுக்கு வந்தார். முகாமின் சொந்தக்காரர் கர்ட் சாதர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"விறகு ஏத்துற அந்தக் குட்டி ட்ரெய்லரைக் கொஞ்சநாள் குடுக்கறியா, கர்ட்?"

"எடுத்துக்கோ. எதுக்கு?"

"வோனிக்கு ரிவர்ஸ் சொல்லித்தரணும்." லவோனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

கர்ட் தன் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுவது போலப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார். "குட்டியாச்சே. பெருசை விட அதைப் பின்னாடி தள்றதுதான் கஷ்டம். பட்டுனு மடங்கிக்கும்."

"அதான் வேணும். அதைத் தள்ளிட்டா இது சுலபம்."

லவோன் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று மதியம் நோயெமி கடிதங்களைக் கொடுக்கப் பதினேழாம் நம்பருக்குப் போனபோது கதவு திறந்திருந்தது.

"நீ ஓட்டுவ டெல். அப்படித்தானே பேசிட்டு வந்தோம்."

"ஓட்டுறேன்டி. யார் இல்லேன்னா? முன்னூத்தி அம்பது மைல்ல நடுவுல கொஞ்சம் தூங்க வேணாமா நான்?"

"தூங்கு. நிறுத்திட்டுக் காத்திட்டிருக்கேன்."

"காத்திருக்கற இடத்துல ரிவர்ஸ் எடுக்கணும்னா?"

"எடுக்க வேண்டாத இடமாப் பாத்து நிறுத்துவேன். நாப்பத்தஞ்சு வருஷமா அதானே பண்றேன்."

பிறகு டெல்மர், "வோனி, எனக்குப் பொழுது போகல. வெண்டல் தினம் அஞ்சு மணிக்கு சினிமா பாக்கறான். எனக்கும் ஒரு சினிமா காட்டு" என்றார்.

நோயெமி கடிதங்களைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாளிலிருந்து முகாமின் பின்பக்கப் புல்வெளியில் தினம் ஒரு மணி நேரம். டெல்மர் போர்வையைப் போர்த்திக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச தூரத்தில் இரண்டு வாளிகள். அவற்றுக்கு நடுவில் விறகு ட்ரெய்லரை நுழைக்க வேண்டும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள், ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து என்றார். லவோன் நகர்த்தினார். ட்ரெய்லர் கத்தரிக்கோல் போல மடங்கியது. வெண்டல் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"அந்த வாளி உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்று கத்தினார்.

"பேசுது! அதான்!" என்று லவோன் ஜன்னல் வழியாகத் திருப்பிக் கத்தினார். "உங்களை மாதிரியே!"

ஒரே ஒரு விதியைத்தான் டெல்மர் திரும்பத் திரும்பச் சொன்னார். "சைடு கண்ணாடியில என் முகம் தெரியற வரைக்கும் வந்துட்டே இரு. தெரியலைன்னா நிறுத்திடு. அவ்வளவுதான். மத்ததெல்லாம் தானா வரும்."

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ஆபீஸ் ஜன்னலிலிருந்து நோயெமி பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்டல் அன்று இல்லை. ட்ரெய்லர் முதல்முறையாக நேராக, மெதுவாக, வாளிகளுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தது. சட்டென்று நின்றது. எஞ்சினைக்கூட நிறுத்தாமல் லவோன் குதித்து இறங்கி ஓடிவந்தார். டெல்மர் நாற்காலியிலேயே குனிந்து, கீழே விழுந்த தொப்பியை எட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"காணோம் உன்னை!" லவோனின் குரல் ஆபீஸ் வரை கேட்டது. "கண்ணாடியில காணோம் உன்னை! என்ன நினைச்சிட்டிருக்க நீ?"

"தொப்பி விழுந்துடுச்சு, வோனி."

"விழட்டும்! தொப்பி விழுந்தா விழட்டும்! நீ அசையாம உக்காரு!"

டெல்மர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "நிறுத்திட்ட பாத்தியா" என்றார். "சரியா நிறுத்திட்ட."

லவோன் அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிக்கப் வண்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே நின்றது. வெகுநேரம் கழித்து நோயெமிதான் போய்ச் சாவியைத் திருப்பினாள்.

அதற்கு அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை டெல்மரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வியாழக்கிழமை மதியம் அவர் போய்விட்டார். டெல்மரின் தம்பி காரில் வந்து லவோனை ஊருக்குக் கூட்டிப்போனார். பதினேழாம் நம்பரில் ட்ரெய்லரும் பிக்கப்பும் நின்றன. மேப்பிள் இலைகள் விழுந்து கூரையை மூடின. நோயெமி ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டு, உள்ளே மடக்கு நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

அக்டோபர் பதின்மூன்றாம் தேதி லவோன் பஸ்ஸில் திரும்பி வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு சின்னப் பை. முகாமில் அப்போது ஐந்து ட்ரெய்லர்கள்தான் மிச்சம். தொட்டிகளைக் காலிசெய்தார், குழாய்களைக் கழற்றிச் சுருட்டினார், ட்ரெய்லருக்குள் இருக்கும் குழாய்கள் உறையாமலிருக்க இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றினார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. பிக்கப்பை ட்ரெய்லரின் கொக்கிக்குக் கீழே கொண்டுவரப் பதினோரு தடவை முன்னும் பின்னும் போனார். வெண்டல் தன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளியே வரவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லவோன் ஆபீசுக்கு வந்தார். கர்ட் உடனே எழுந்தார்.

"சாவியைக் குடு, லவோன். ரெண்டு நிமிஷ வேலை. ரோட்டுல நிறுத்தித் தர்றேன், அப்புறம் நேராத்தான் போகப்போற."

"ரோட்டுல நிறுத்திடுவ, கர்ட். ஊர்ல என் வீட்டு வாசல்ல யார் நிறுத்துவா? அங்கேயும் பின்னாடிதான் தள்ளணும்."

"டெல்மரோட தம்பி இருக்காரே."

"இன்னிக்கு இருப்பார்."

கர்ட் மறுபடி உட்கார்ந்தார். லவோன் கவுன்ட்டர் மேல் 17 என்று எழுதிய அட்டையை வைத்தார். அதன் மேலிருந்து விரலை எடுக்கவில்லை. வெளியே புல் மேல் வெள்ளையாகப் பனி உறைந்திருந்தது.

பிறகு நோயெமியைப் பார்த்தார்.

"நீ வர்றியாம்மா? பின்னாடி, அந்த ரோட்டோரத்துல வந்து நில்லு. கையை ஆட்ட வேணாம். சத்தம் போட வேணாம். நீ ஒண்ணும் சொல்லவே வேணாம். நான் முழுசா வெளிய வர்ற வரைக்கும், கண்ணாடியில தெரியற மாதிரி நின்னாப் போதும்."