சிவப்பு நூலும் பச்சை நூலும்

என்னைப் போல அசடு, பட்டு நெசவைப் பார்க்க வந்த இந்தச் சுற்றுலாப் பஸ்ஸில் வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள். சிவப்பும் பச்சையும் எனக்கு ஒரே நிறம். அதோடு சும்மா இருக்காமல், காலையில் பிள்ளையார்பாளையத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த சிவப்புப் பட்டு நூலைப் பார்த்து, "பச்சை பிரமாதம்!" என்று பாராட்டினேன். நெசவு செய்யும் தனபாக்கியம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மத்தியானம் அவரே வந்து, நெசவாளர் சங்கத் தேர்தலுக்கு என்னை அதிகாரியாக உட்கார வைக்கிறார். இதுவரை தலைவர் தன் மச்சானையே அதிகாரியாகப் போடுவாராம். இரு தரப்பும் ஒப்புக்கொள்கிற வெளியூர்க்காரர்தான் வேண்டும் என்று இந்த முறை தனபாக்கியம்மாள் தரப்பு சண்டை போட்டு வாங்கியிருக்கிறது. இங்கே சீட்டு கிடையாது; வேட்பாளருக்குரிய நிற நூலைப் பானையில் போடுவதுதான் ஓட்டு.

"மச்சான் பானையில கைய உட்டா, பச்சை நூலெல்லாம் அவரு சட்டைப்பைக்குப் பூடும் சார். எதிர்த்து நிக்கிறோம்னு தலைவரு எங்களுக்குப் பட்டு நூலே குடுக்கல. தறி சும்மா கெடக்குது" என்கிறார் தனபாக்கியம்மாள்.

தலைவருக்குச் சிவப்பு நூல், தனபாக்கியம்மாளின் கணவருக்குப் பச்சை. பானையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறேன். இரு தரப்பும் சேர்ந்து நிறத்தைக் கூவுகிறது. வேர்த்துக் கொட்ட, தெரிந்தவன் போலத் தலையாட்டுகிறேன். கடைசியில் பச்சை ஜெயித்ததாம். மச்சானே ஒப்புக்கொள்கிறார். அப்பாடா!

நூல் வாங்கப் பையோடு கிளம்பும் தனபாக்கியம்மாளிடம் மெல்லச் சொல்கிறேன்: "அம்மா, எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது."

"அது தெரிஞ்சுதான் சார் கூப்ட்டோம்."