அக்காவின் கை மட்டும்

என் அக்காவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கையைப் பார்த்திருப்பீர்கள். தினமும் மாலையில் ஓடும் அந்தத் தொடரில் கதாநாயகி காய் நறுக்குவாள், பொத்தான் தைப்பாள். கேமரா கைக்கு அருகே போனதும் அது அக்காவின் கை. இன்சர்ட் என்பார்கள், கையை மட்டும் தனியாக எடுத்து நடுவில் செருகிவிடும் ஷாட். நாயகியம்மாவுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது, நகம் வேறு உடைந்துவிடுமாம். அதனால் அக்கா டூப். அந்தப் பிழைப்புக்காக வீட்டில் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டுதான் பாத்திரம் துலக்குவாள். "வந்துட்டாங்கய்யா மகாராணி" என்று நான் கிண்டல் செய்வேன்.

அன்றைக்கு மாமியார் கேட்ட வெந்நீரை மருமகள் குவளையில் ஊற்றும் காட்சி. ஆவி சரியாகத் தெரியவில்லை என்று இயக்குநர் "ஒன் மோர், ஒன் மோர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு டேக்குக்கும் தண்ணீரைத் திரும்பக் கொதிக்க வைத்தார்கள். கடைசியில் கெட்டிலின் மூடி கழன்று, கொதிநீர் முழுவதும் அக்காவின் புறங்கையில் கொட்டியது. அவள் அலறினாள். 'கட்' என்றுகூட உடனே சொல்லவில்லை அந்த ஆள். மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்! கை எப்படித் துடிச்சது பாருங்க. இதையே வச்சுக்கலாம், டேக் ஓகே!"

இவனெல்லாம் மனிதனா?

கதையையே மாற்றினார்கள். மாமியார் கொடுமையில் மருமகளின் கை வெந்துவிட்டதாம். அதன்பின் தினமும் அக்கா போய்க் கைக்கட்டை அவிழ்த்துக் காயத்தைக் காட்ட வேண்டும். மேக்கப்காரர் அதைப் பார்த்துப் பார்த்து நாயகியின் கையில் அதே காயத்தை வரைவார். ஷாட்டுக்கு ஷாட் காயம் மாறினால் கன்டினியூட்டி உதைக்குமாம். களிம்பு தடவினால் நிறம் மாறிவிடும் என்று படப்பிடிப்பு முடிந்து பேக்கப் சொல்லும்வரை அதையும் தடவ விடவில்லை.

நான் அக்காவிடம் பொரிந்து தள்ளினேன். "நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு வாயேன்!"

"கேட்டா அப்புறம் யாருடி வேலைக்குக் கூப்பிடுவாங்க?"

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று பக்கத்து வீட்டு அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தார். "ஐயோ, அந்தப் பொண்ணு எப்படித் துடிக்குது! நடிப்புன்னா இதுல்ல நடிப்பு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே அக்கா நீட்டிய டீயை வாங்கிக்கொண்டார். நீட்டிய கையில் இருந்த கட்டு அவர் கண்ணில் படவேயில்லை.

பிறகு கதையில் மருமகள் தனிக்குடித்தனம் போனாள், காயமும் ஆறிவிட்டது. நாயகியின் கையைப் பஞ்சால் துடைத்தார்கள், அவ்வளவுதான் வேலை. அக்காவின் கையிலோ தழும்பு தடித்து நின்றது. மறுநாள் மேனேஜர் போன் செய்தார். நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்காவை இனிமே வர வேணாம்னு சொல்லிடும்மா. ஹீரோயின் கையில தழும்பு கிடையாது, இவங்களை வச்சு எடுத்தா கன்டினியூட்டி உதைக்கும். வேற கை பார்த்துட்டோம்."

"அந்தக் கையிலயாவது பச்சைத் தண்ணிய ஊத்துங்கடா!" என்று கத்தினேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. தொட்டி அருகே நின்றவள் கையுறைகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்கையால் பாத்திரங்களைத் துலக்க ஆரம்பித்தாள்.