மதினியை ஊத வைத்த நாள்

என் கணவரின் அக்காளை, என் மதினியை, நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டதாகச் சொந்தபந்தம் நினைத்துக்கொண்டிருக்கிறது, நினைத்துவிட்டுப் போகட்டும்.

என் மகளுக்கு ஏழு வயது. புரதத்தைச் செரித்து முடிக்கிற ஏதோ ஒன்று அவள் உடம்பில் பிறவியிலேயே இல்லை. கறி, முட்டை, பருப்பு கூடவே கூடாது. பட்டினியும் கூடாது. மூன்று மணிக்கொரு தடவை அளந்த கஞ்சி உள்ளே போயாக வேண்டும். தப்பினால் மூச்சில் ஒரு வாடை ஏறும். அது என் மூக்குக்கு எட்டும் முன்பே கண்டுபிடிக்க ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறோம். குழாயில் ஊதினால், வாடை இல்லாத மூச்சுக்குப் பச்சை எரியும், வாடை ஏறியிருந்தால் சிவப்பு. சிவப்பென்றால் சீனித் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மதினி அதற்கு வைத்த பேர் ‘குடிகார மிஷின்’. போலீஸ்காரர் பைக்கை மறித்து ஊதச் சொல்வாரே, அதே சாமான்தான் இது என்று தீர்மானித்துவிட்டாள். நான் எத்தனை தடவை விளக்கினாலும் ஏறவில்லை. போன வருஷம் ஒரு காதுகுத்தில், நான் கை கழுவப் போன நேரம் பார்த்து, பிள்ளைக்குக் கறிச்சோறு ஊட்டிவிட்டாள். பெற்றவளே பிள்ளையைக் காயப்போடுகிறேனாம். என் மகள் மூன்று நாள் கண் திறக்காமல் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த மதினி, எந்நேரமும் ஊத விட்டால் பிள்ளைக்கு மூச்சு எங்கே தங்கும் என்று நர்ஸிடம் கேட்டாள். அன்றே கறுவிக்கொண்டேன்.

இந்த வருஷம் கந்த சஷ்டிக்கு வாய்த்தது. ஆறு நாளும் வெறும் தண்ணீர்தான் என்று மதினி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். ஆறாம் நாள் விராலிமலைக்குப் போக வேன் பிடித்திருந்தார்கள். இலுப்பூரில் அவள் வீட்டில் சொந்தமெல்லாம் கூடி, ஆளாளுக்கு அவள் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள். பட்டினி கிடக்கிற யார் மூச்சிலும் அந்த வாடை ஏறும் என்று எனக்குத் தெரியும். கூடம் நிறையட்டும் என்று காத்திருந்தேன். கடைசி ஆளும் வந்து உட்கார்ந்த பிறகு புதுக் குழாயை மாட்டி நீட்டினேன்.

“மதினி, ஒருக்கா ஊதுங்களேன்.”

மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். சிரித்தாள். “குடு. நான் என்ன குடிச்சுப்புட்டா வந்துருக்கேன்?” என்று நெஞ்சை நிமிர்த்தி ஊதினாள். அவள் வைத்த பேரே அவளைக் கவிழ்த்தது. பச்சை எரிந்தது.

சாப்பிட்டவர்களுக்குத்தான் பச்சை என்று குரலை உயர்த்தாமல் எல்லோருக்கும் விளக்கினேன். காலில் விழக் குனிந்த ஒருத்தி அப்படியே நிமிர்ந்தாள். மதினியின் முகம் சுண்டிப் போனது. எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நான் காயப்போடுவதாக அவள் சொன்ன பிள்ளைக்கும் பச்சைதான் எரிகிறது என்று பார்க்கட்டுமென்று மகளைக் கூப்பிட்டேன். ஊதினாள். சிவப்பு எரிந்தது. பதினோரு மணிக் கஞ்சி என் பையிலேயே இருந்தது. கூடம் நிறையக் காத்திருந்ததில் மறந்தே போயிருந்தேன்.

அவசரத்தில் கஞ்சி டப்பாவின் மூடி எனக்குத் திறக்க வரவில்லை. மதினி எழுந்து அடுப்படிக்குப் போனாள். சீனித் தண்ணீரோடு வந்து நீட்டினாள்.

“விரதத்துல பொய் சொன்னவ நாந்தான். பெத்த புள்ளைய விரதம் இருக்க வச்சது யாரு?”

டம்ளரை வாங்கி மகள் வாயில் வைத்தேன். விராலிமலைக்குப் பிடித்த வேன் எங்களைத் திருச்சிக்கு ஏற்றிக்கொண்டு போனது. சாயங்காலம் பச்சை எரிந்தது.

அந்தக் கறிச்சோற்றைக்கூட ஒரு நாள் மன்னிப்பேனோ என்னவோ. அவள் கையால் அந்தத் தண்ணீரை வாங்க வேண்டி வந்ததை மட்டும் மன்னிக்க மாட்டேன்.