வேலாயியின் இருநூற்று எண்பது நாள்

அம்சவல்லிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசில் அவள் கணக்கு எழுதும் கிராணி. பக்கத்து மேசையில் இருந்த எனக்கு அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டாலே பயம்.

எண்பத்தாறில் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஒரு கோப்பு; அதில் ஒவ்வொருவரும் வேலைக்கு வந்த நாட்கள். தோட்டத்து மேனேஜரான துரைக்கென்று தனியாக ஒரு பெரிய கோப்பு. டிவிஷன் கோப்பிலிருந்து அதுவே நாட்களை எடுத்துக்கொள்ளும்படி அம்சவல்லி இணைத்திருந்தாள். அந்த இணைப்புக்கு ஆளைத் தெரியாது, எத்தனையாவது வரி என்பதுதான் தெரியும்.

"புதுப் பேரைக் கடைசியில போடுங்க தொரை. நடுவுல நுழைச்சா எல்லாம் ஒரு வரி தள்ளிப்போயிரும்," என்று நாலு தடவை சொன்னாள்.

எங்கள் தோட்டத்தில் பெயர்கள் லயத்து வீட்டு வரிசையில்தான் இருக்கும். அவள் லீவில் போன வாரம், ஒரு வீட்டுக்கு வந்த புது மருமகளின் பெயரைத் துரையே டிவிஷன் கோப்பின் நடுவில் நுழைத்தார். பெரிய கோப்பில், அதற்குக் கீழே இருந்த அத்தனை பேருக்கும் மேல்வரிக்காரரின் நாட்கள் வந்து உட்கார்ந்தன. கொழுந்தெடுக்கும் வேலாயி அந்த வருஷம் வந்தது இருநூற்று எண்பது நாள். அவளுக்கு மேலே இருந்த இருளப்பன், குடித்துக் கிடந்தது போக, தொண்ணூற்றாறு. நாள் குறைந்தால் வேலை போகும், வேலையோடு தோட்டம் கொடுத்த வீடும் போகும். காலி செய்யச் சொல்லி வேலாயிக்குக் கடிதம் போனது. பக்கத்து ஊரான கோலா தெர்லாவின் காய்கறித் தோட்டங்களில் அவள் ஒண்ட இடம் கேட்டு அலைந்தாள்.

லீவு முடிந்து வந்த அம்சவல்லி, தினமும் வந்தவர்களைக் கையால் பதிந்த செக்ரோல் புத்தகத்தைத் துரையின் மேசையில் விரித்தாள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுலா," என்றார் துரை.

"அது பொய் சொல்லல. நீங்க நுழைச்சதை அப்படியே சொல்லுது."

இணைப்புகளை அவளே சரிசெய்தாள். வேலாயிக்கு வீடு திரும்பக் கிடைத்தது. மன்னிப்புக் கேட்கவில்லை மனுஷன்.

வேலாயி ஆபீசுக்கு வந்தாள். "அம்சா, இருளப்பன் நாளு எனக்கு வந்துச்சு. என் நாளு யாருக்குப் போச்சு?"

போனது கீழ்வரியில் இருந்த விஜயனுக்கு. உண்மையில் அவன் வந்தது நாற்பது நாள். நாள் தவறாமல் வந்தவன் என்று துரை அவனைக் கங்காணி ஆக்கியிருந்தார். அதை மாற்றச் சொல்லி அம்சவல்லி கேட்டதற்கு, "குடுத்ததைத் திருப்பி வாங்கினா ஆபீசுக்குத்தான் அசிங்கம்" என்றார்.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும் என்று சொல்லி வேலாயியை விரட்டியவன் விஜயன்தான்.