அடுத்தவளின் மதிப்பெண்

அண்ணாமலை நகர் லாட்ஜில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் நானும் என் நண்பன் ஒருவனும். எனக்குக் கடலூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்ததும், முதலாளியிடம் கெஞ்சி அவனையும் சேர்த்துவிட்டேன்.

2007 வாக்கில் சிதம்பரம் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரிக்கு, தேர்வு முடிவு பார்க்கும் இணையதளம் செய்தோம். லாகின் பகுதி என்னுடையது. மதிப்பெண் பக்கம் அவனுடையது.

இணையதளம் கட்ட நாங்கள் பயன்படுத்திய ஃபிரேம்வொர்க் என்கிற மென்பொருள் சட்டகம், ஒருவருக்குக் காட்டிய பக்கத்தைத் தூக்கி எறியாது. வைத்திருந்து அடுத்து வருபவருக்குக் கொடுக்கும். அதில் ஒருவருடைய விவரம் ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்தவர் கண்ணில் படும். ஆளுக்கு ஆள் மாறுவதையெல்லாம் அவரவர் செஷனில், அதாவது லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் தனியாக ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும். டீக்கடையில் அவனுக்கு இதை விளக்கிச் சொன்னேன்.

"புரிஞ்சிடுச்சு மச்சான், செஷன்லயே போட்டுர்றேன்" என்றான்.

போடவில்லை. அவன் ஒருவனே உட்கார்ந்து சோதித்தபோது, அடுத்த ஆள் இல்லாததால் எல்லாம் சரியாகவே வந்தது.

முடிவு வந்த அன்று கல்லூரி லேபில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் திரையைப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்ந்து அழுதாள். மேலே அவள் பெயர், கீழே இரண்டு பேப்பரில் ஃபெயில். அந்த வரிசையிலேயே இன்னொருத்தி, முதல்முறையாக எல்லாவற்றிலும் பாஸ் என்று கத்திக்கொண்டே ஓடிப்போய் வீட்டுக்குப் போன் செய்தாள். ஒருத்தி மதிப்பெண் இன்னொருத்திக்கு மாறிப்போயிருந்தது.

கல்லூரி முதல்வர் அறைக்கு எங்களை வரவழைத்தார்கள். எங்கள் முதலாளி கேட்டார்: "யாருப்பா பண்ணது இது?"

நான் வாய் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "லாகின் இவன் எழுதுனது சார். அதுலதான் ஆள் மாறிப் போவுது."

அவனையே பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல சார், மதிப்பெண் பக்கத்துல..." என்று தொடங்கினேன்.

"பேசாத. மொதல்ல சரி பண்ணு" என்றார் முதலாளி.

சரிசெய்தேன். மதிப்பெண்ணைச் செஷனுக்கு மாற்றி, இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தேன். இரண்டாவதில் உட்கார்ந்து பட்டனை அழுத்தியவன் அவன்தான். பிறகு அந்த இரண்டு பெண்களிடமும் நான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் முதல்வர். கேட்டேன். வீட்டுக்குப் போன் செய்த பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன்: "ஏன்டா அப்டி சொன்ன?"

"நான் புதுசு மச்சான், தொரத்திடுவாரு. ஒன்ன ஒன்னும் சொல்ல மாட்டாருன்னு நெனச்சேன்."

"நாளைக்காவது சார்கிட்ட உண்மைய சொல்லு."

"சொல்றேன்" என்றான். சொல்லவில்லை. அடுத்து வந்த கல்லூரி வேலையை முதலாளி அவன் பொறுப்பில் கொடுத்தார். என்னை, அவன் எழுதியதில் தட்டச்சுப் பிழை பார்க்க உட்கார வைத்தார். அந்த நாற்காலியில் அதிக நாள் உட்காரவில்லை. பாண்டிச்சேரியில் வேறு வேலை தேடிக்கொண்டேன்.

சில வருடம் கழித்துப் போன் செய்தான். "மச்சான், உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களாமே, ஒன் பேர சொல்லிக்கட்டுமா?"

"வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.